ஸ்மார்ட் போர்டு வந்தாச்சு... ரிப்பேர் ஆனால் யார் காசு?

விழுப்புரம்:-

கரும்பலகை இருந்த சுவரில் இப்போது ஸ்மார்ட் போர்டு. சாக்பீஸ் பிடித்த டீச்சர் கையில் டேப்லெட். அரசு தொடக்கப்பள்ளிகளின் முகமே மாறி வருகிறது.

தமிழகம் முழுவதும் அரசு தொடக்கப்பள்ளிகளில் 22 ஆயிரத்து 931 ஸ்மார்ட் வகுப்பறைகள் அமைக்கும் பணி 2024-ல் சூடு பிடித்தது. சுமார் 80 ஆயிரம் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு டேப்லெட் கொடுக்கும் திட்டமும் அதே சமயத்தில் வந்தது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப் அதற்கு முன்பே போய்விட்டது.

பெற்றோருக்கு சந்தோஷம்தான். பீஸ் கட்டி படிக்கும் பிள்ளைகள் பார்ப்பதை நம்ம பிள்ளையும் பார்க்கிறதே என்ற நிம்மதி.

ஆனால் பெட்டி வந்து இறங்கிய பிறகுதான் பிரச்சினையே ஆரம்பிக்கிறது.

நகையை கொடுத்த டீச்சர்

இந்த திட்டம் எல்லாம் வருவதற்கு முன்பே, 2017-ல், விழுப்புரம் மாவட்டத்து ஊராட்சி ஒன்றிய தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர் தன் நகையை கொடுத்து பணம் புரட்டினார். அந்த பணத்தில் தன் வகுப்பறையில் ஸ்மார்ட் போர்டு மாட்டினார். கிராமத்து பிள்ளைகள் இங்கிலீஷ் பேச வேண்டும் என்பது அவரது ஆசை. நாடு முழுக்க பாராட்டு குவிந்தது.

பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அரசு பள்ளிக்கூடத்துக்கு போர்டு வாங்க டீச்சரின் நகை போக வேண்டுமா என்று கேட்டவர்கள் அன்று குறைவு. இன்று போர்டு அரசு செலவில் வருகிறது. அதன் பின்னால் வருகிற சில்லறை செலவுகள்தான் தலைமை ஆசிரியர் மேஜையில் வந்து உட்காருகின்றன.

மாதம் 750 ரூபாய்

கணக்கை பாருங்கள். 30 பிள்ளைகள் வரை படிக்கும் பள்ளிக்கு, சமக்ர சிக்‌ஷா எனப்படும் ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வி திட்ட விதிப்படி, ஆண்டுக்கு 10 ஆயிரம் ரூபாய் பள்ளி மானியம். அதில் 10 சதவீதம் தூய்மை பணிக்கு போக வேண்டும். மீதி 9 ஆயிரம். மாதத்துக்கு பிரித்தால் 750 ரூபாய்தான்.

சாக்பீஸ், பேப்பர், உடைந்த குழாய் எல்லாமே இதற்குள்தான். 31 முதல் 100 பிள்ளைகள் இருந்தால் 25 ஆயிரம். அதுவும் இழுபறிதான்.

வாரண்டி இருக்கும் வரை பரவாயில்லை. அது முடிந்த பிறகு திரையில் கோடு விழுந்தால் டவுனில் இருந்து மெக்கானிக் வரவேண்டும். வண்டிச்செலவு, கூலி, சாமான் விலை என்று அவர் கேட்கும் தொகைக்கு 750 ரூபாய் எந்த மூலைக்கு? ஒன்று ஆசிரியர் சம்பளத்தில் இருந்து கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் போர்டுக்கு துணி போர்த்தி வைக்க வேண்டும்.

இதே திட்டத்தில் தமிழகத்துக்கு 2024-25-ம் ஆண்டுக்கு வரவேண்டிய 2 ஆயிரத்து 152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. பி.எம்.ஸ்ரீ பள்ளி ஒப்பந்தத்தில் தமிழக அரசு கையெழுத்து போடவில்லை என்பதுதான் தகராறு. 2025-ல் விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. டெல்லியும் சென்னையும் மோதினால் அடி விழுவது கிராமத்து பள்ளிக்கூடத்துக்கு.

2 டீச்சர், 5 வகுப்பு

கல்வி உரிமை சட்டப்படி 60 பிள்ளைகள் வரை தொடக்கப்பள்ளிக்கு 2 ஆசிரியர்கள். வகுப்போ ஐந்து. இந்த மாதிரி பள்ளியில் ஸ்மார்ட் போர்டு பெரிய உதவி. ஒன்றாம் வகுப்புக்கு 'அ, ஆ' எழுத கற்றுக்கொடுக்கும் நேரத்தில் மூன்றாம் வகுப்புக்கு வீடியோ பாடம் ஓடும்.

ஆனால் வீடியோ ஓடினால் போதுமா? எந்த பிள்ளைக்கு புரிந்தது, எது தூங்குகிறது என்று போர்டுக்கு தெரியாது. பக்கத்தில் ஆள் வேண்டும்.

அந்த ஆளோ செல்போனோடு மல்லுக்கட்டுகிறார். காலையில் வருகைப்பதிவு 'ஆப்'பில். 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளின் மதிப்பீடும் 'ஆப்'பில். சிக்னல் கிடைக்காத ஊரில் இது எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். கற்பிக்கும் நேரத்தை 'எமிஸ்' பதிவு விழுங்குகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் போராடின. 2023-ல் டிட்டோஜாக் கூட்டமைப்புடன் பேச்சுவார்த்தை நடந்தது. எமிஸ் வேலையில் இருந்து ஆசிரியர்களை விடுவிப்பதாக அரசு சொன்னது. வருகைப்பதிவு மட்டும் ஆசிரியர் தலையிலேயே நின்றது.

அப்பா பையில் செல்போன்

பள்ளிக்கூடம் விட்ட பிறகு இன்னொரு சிக்கல். 2018-ல் வந்த புது பாடப்புத்தகத்தில் கியூஆர் கோடு அச்சடித்தார்கள். செல்போனை காட்டினால் பாடம் படமாக வரும். நல்ல யோசனைதான்.

ஆனால் வீட்டில் இருப்பது ஒரு போன். அது அப்பாவோடு கட்டிட வேலைக்கு போய்விடும். ராத்திரி அவர் திரும்பும்போது பிள்ளை தூங்கியிருக்கும், இல்லாவிட்டால் சார்ஜ் தீர்ந்திருக்கும். வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் அனுப்பும் டீச்சர்கள் இதை யோசிக்க வேண்டும். 2020-ல் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோதே இது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அப்போது கை கொடுத்தது கேபிளில் வந்த கல்வி தொலைக்காட்சி. அதற்கு டேட்டா பேக் தேவையில்லை.

மானியம் எவ்வளவு வந்தது, போர்டு ஏன் ஓடவில்லை என்று கேட்கும் உரிமை பெற்றோருக்கு இருக்கிறது. பள்ளி மேலாண்மை குழுவுக்கு தலைவரே ஒரு பெற்றோர்தான். 2022-ல் குழுக்களை மாற்றி அமைத்தபோது மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பிற்பகல் கூட்டம் என்று வைத்தார்கள். அந்த நேரத்தில் கூட்டத்துக்கு வந்தால் கூலிக்காரருக்கு அரை நாள் சம்பளம் போச்சு.