எக்ஸ்ட்ரா லைட் மாட்டினால் கார் வாரன்ட்டி போய்விடுமா?

இரவு நேரத்தில் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கமிருந்து காவிரிப் பாலம் ஏறி ஸ்ரீரங்கம் போகிறவர்களுக்கு இது பழகிப்போன அவஸ்தை. எதிரே வரும் காரின் வெள்ளை வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது. ஒரு நொடி ரோடே தெரிவதில்லை. 'நம்ம வண்டி லைட் மட்டும் ஏன் இவ்வளவு மங்கலா இருக்கு?' என்று தோன்ற, அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பலர் ஆக்சஸரீஸ் கடைக்குப் போய்விடுகிறார்கள்.

பிரச்னை சில மாதம் கழித்துத்தான் ஆரம்பிக்கும். ஒரு பக்க ஹெட்லைட் மினுக்கும். ஃபியூஸ் அடிக்கடி போகும். சர்வீஸ் சென்டரில் பானெட்டைத் திறந்ததும், "வெளியில லைட் போட்டிருக்கீங்க சார், வாரன்ட்டி கிடையாது" என்பார்கள். வயரிங்கையே மாற்றவேண்டும் என்றால், பில் பல ஆயிரங்களில் வந்து நிற்கும்.

அந்தப் பதில் சரியா? பாதி சரி, பாதி தவறு.

வயர் ஏன் உருகுகிறது?

பல கார்களில் இருக்கும் ஹெச்4 ஹாலஜன் பல்பு, ஹை பீமில் 60 வாட், லோ பீமில் 55 வாட். கடைகளில் கிடைக்கும் 'பவர்' பல்பு 100/90 வாட். 12 வோல்ட்டில் 55 வாட் பல்பு இழுக்கும் கரன்ட் சுமார் 4.6 ஆம்பியர், 90 வாட் பல்பு 7.5 ஆம்பியர் இழுக்கும். அதே வயரில் உருவாகும் சூடு இரண்டரை மடங்கைத் தாண்டிவிடும். பல்பு மாட்டும் பிளாஸ்டிக் ஹோல்டர் முதலில் கருகும், அப்புறம் வயர்.

எல்இடி பல்பு குறைவாகத்தான் கரன்ட் இழுக்கும். ஆனால், ஹாலஜனுக்காகச் செய்த கூட்டுக்குள் அதை மாட்டினால் வெளிச்சம் சிதறி எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும். சில புதிய கார்களில், பல்பு ஃபியூஸாகிவிட்டது என்று காரின் கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டு எச்சரிக்கை காட்டும்.

எதை மறுக்கலாம், எதை மறுக்க முடியாது?

கார் உதிரி பாகங்கள், வெளி மெக்கானிக்குகள் தொடர்பான வழக்கில் இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு ரூ.2,544 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் இதை எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போயின. அந்த உத்தரவில் சொன்ன நியாயம் எளிமையானது: வெளியில் வேலை பார்த்ததற்காக மொத்த வாரன்ட்டியையும் ரத்து செய்யக் கூடாது, அந்த வேலையின் கோளாறால் ஏற்பட்ட சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம்.

அதாவது, ஃபாக் லேம்ப்புக்காக வயரை வெட்டி டேப் சுற்றியிருந்து, அந்த இடம் கருகினால் செலவு உங்களுடையதுதான். அதையே காரணம் காட்டி கியர் பாக்ஸ் ரிப்பேருக்கு 'முடியாது' என்று சொல்வது நியாயமில்லை.

மாட்டுவதற்கு முன்...

* ஒரிஜினல் வயரை வெட்டவே விடாதீர்கள். வயரை வெட்டாமல் கப்ளரில் அப்படியே செருகும் செட்டையே கேளுங்கள்.
* கூடுதல் லைட்டுக்குத் தனி ரிலே, தனி ஃபியூஸ் அவசியம்.
* பல்பை மாற்றினால் கம்பெனி சொன்ன அதே வாட்தான்.
* கடை பில்லில் பொருளின் பெயர், தேதி, மாட்டிய கூலி எல்லாம் இருக்கட்டும்.
* வாரன்ட்டி புத்தகத்தில் எலெக்ட்ரிக்கல் பகுதியை ஒருமுறை படியுங்கள். பல்பு, ஃபியூஸ் போன்ற தேய்மானப் பொருட்களுக்குப் பொதுவாக வாரன்ட்டி இருக்காது.

மறுத்துவிட்டால்?

வாய்ப்பேச்சோடு திரும்பாதீர்கள். எந்தப் பாகம் பழுது, வெளியில் மாட்டிய லைட்டால்தான் அது வந்தது என்பதற்கு என்ன காரணம் என்று எழுத்தில் கேளுங்கள். பழுதான இடத்தை மொபைலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம்.

அதிலும் தீராவிட்டால், திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, காரை சென்னையில் வாங்கியிருந்தாலும் ஸ்ரீரங்கத்தில் வசிப்பவர் திருச்சியிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை ரூ.50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். பிரச்னை ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போகவேண்டும். அங்கே உங்களுக்காகப் பேசப்போவது அந்த பில்லும், எழுதி வாங்கிய பதிலும்தான்.