ஆசானை ஐயுற்ற மாணவன்

ஆசிரியர் சொல்வதை அப்படியே எழுதிக்கொண்டு, தேர்வுத்தாளில் அப்படியே இறக்கி வைப்பதுதான் நம்மில் பலருக்குக் கல்வி. இதற்கு அடக்கம் என்று பெயரும் சூட்டியிருக்கிறோம். சோம்பல் என்பதே பொருத்தமான பெயர். பாரசீக மருத்துவ மேதை அல் ராஸியைப் பற்றிப் படித்தபின் எனக்கு இதில் ஐயமே இல்லை.

இன்றைய தெஹ்ரானை ஒட்டிய ரய் என்னும் ஊரில் கி.பி. 865-ஐ ஒட்டிப் பிறந்தவர் ராஸி. ரய்யிலும் பாக்தாதிலும் மருத்துவமனைத் தலைவராக விளங்கினார். அந்நாளில் மருத்துவத்துக்குக் கிரேக்க அறிஞர் கேலன் எழுதியதே வேதவாக்கு. ('காலன்' என்று எழுதினால் எமனாகிவிடுவார்!) அவர் நூல்களைக் கற்றே ராஸியும் மருத்துவரானார். ஆனால் நோயாளிகளின் படுக்கையருகே நின்று பார்த்தபோது, காய்ச்சல்கள் கேலன் சொன்ன வழியில் செல்லவில்லை. 'கேலன் மீதான ஐயங்கள்' என்றே ஒரு நூல் எழுதிவிட்டார். எவரினும் மிகுதியாகத் தாம் கடன்பட்டிருப்பது கேலனுக்கே என்று அதில் முதலில் வருந்துகிறார்; மருத்துவமும் மெய்யியலும் கண்மூடிப் பணிவதை ஏற்கா என்று கூறிய பிறகே பிழைகளை எடுத்துக்காட்டுகிறார். அந்த வருத்தம்தான் என்னைக் கவர்ந்தது. ஆசானைத் தூற்றிப் பெயர் வாங்கும் ஆசை அவரிடம் இல்லை.

பெரியம்மையையும் தட்டம்மையையும் பிரித்தறிய அவர் எழுதிய சிறுநூல் புகழ்பெற்றது. முதுகுவலி பெரியம்மையில் மிகுதி, குமட்டலும் மனக்கலக்கமும் தட்டம்மையில் மிகுதி என்று கண்டு எழுதினார். புதிய திராட்சைச் சாறு நொதிப்பதுபோல் குழந்தையின் குருதி பொங்குவதே பெரியம்மை என்ற அவர் விளக்கமோ பிழை. கண்ணால் கண்டது நிலைத்தது. கருதிச் சொன்னது நிலைக்கவில்லை.

1279-இல் அவருடைய 'அல் ஹாவி' இலத்தீனில் பெயர்க்கப்பட்டது. பிறகு பல நூற்றாண்டுகள் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் அவர் நூல்கள் பாடமாயின. ஐயுறக் கற்பித்தவரையும் மனப்பாடம் செய்தார்கள், என்ன செய்வது!

அவர் பாடம் நடத்திய முறையை 10-ஆம் நூற்றாண்டு அறிஞர் இப்னு அல் நதீம் குறித்து வைத்திருக்கிறார். ராஸியின் முன்னே அவர் மாணவர். அவர்களுக்கு அப்பால் அவர்களுடைய மாணவர். அதற்கும் அப்பால் இன்னும் சிலர். வரும் நோயாளி வெளிவரிசையிடம்தான் முதலில் நோயைச் சொல்வார். அவர்களால் இயலாவிட்டால் அடுத்த வரிசை. எல்லாரும் முயன்று ஓய்ந்த பின்னரே ராஸி வாய் திறப்பார்.

நம் வகுப்பறையில் முதலில் பேசுபவரும் இறுதியில் பேசுபவரும் ஆசிரியரே. பேராசிரியப் பெருமக்கள் வாரம் ஒரு மணி நேரமாவது ராஸியின் முறையை நடத்திப் பார்க்கலாகாதா? கடைசிப் பெஞ்சிலிருந்தே தொடங்கலாம்.