வலி முழங்காலில் மட்டும்தானா?

என் மகளுக்கு 12 வயது. 9 வயதில் மூட்டுவாதம் வந்தது. "அது வயசானவங்களுக்குத்தானே வரும்?" என்று கேட்காத ஆள் இல்லை. குழந்தைகளுக்கும் வரும், சகோதரிகளே. நோயை எதிர்க்க வேண்டிய சக்தியே சொந்த மூட்டுகளைப் பகையாளியாக நினைத்துத் தாக்குகிறதாம். காலையில் எழும்போது முழங்காலும் விரல்களும் விறைத்துக் கிடக்கும். நேரம் போகப் போக இளகி, மத்தியானம் சாதாரணமாக நடப்பாள்.

இதுவே அவளுக்கு வினையாயிற்று. "பிரேயரில் நிற்க முடியலேன்னே, இப்ப மட்டும் எப்படி விளையாடறே? நடிக்கிறியா?" என்று வகுப்பில் எல்லோர் முன்பும் டீச்சர் கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து வலித்தாலும் வாயே திறப்பதில்லை.

நடுவில் சில மாதம் ஸ்டீராய்டு கொடுத்தார்கள். முகம் உப்பிவிட்டது. ஓயாத பசி, தூக்கமில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவாள். எல்லாம் மருந்தின் வேலை என்று டாக்டரம்மா பிறகுதான் சொன்னார். அதற்குள் 'வாய் நீளுது' என்று நானே இரண்டு அடி போட்டிருந்தேன். இன்றும் அது உறுத்துகிறது. கல்யாண வீடுகளில் நம் பெண்கள் பேசும் பேச்சு இருக்கிறதே! "நல்லா சாப்பிடறா போலிருக்கே", "பொம்பளைப் பிள்ளையாச்சே, நாளைக்கு யாரு கட்டிப்பா?" எல்லாம் குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. வகுப்பில் குரூப் போட்டோ எடுத்த அன்று வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள்.

இப்போது வாரம் ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை, மெத்தோட்ரெக்ஸேட் என்ற மஞ்சள் மாத்திரை. சாப்பிட்டால் குமட்டும். நாளடைவில் அதைப் பார்த்தாலே வாந்தி வருகிறது. சனிக்கிழமை சாயங்காலமே முகம் வாடிவிடும். இதையும் நடிப்பு என்றார் என் மாமியார். நடிப்பில்லை, மனசு பயந்தே வயிற்றைப் பிரட்டுகிறது என்கிறார் டாக்டர். (மருந்தை நான் குறை சொல்லவில்லை. அதனால்தான் அவள் நடமாடுகிறாள்.)

மூட்டு வீக்கம் பார்க்கிறார்கள், ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். இந்த நோய் சத்தமில்லாமல் கண்ணையும் தாக்கலாம் என்பதால் கண்ணையும் பார்க்கிறார்கள். மனசு எப்படி இருக்கிறது என்று 3 வருடமாக யாரும் கேட்கவில்லை, நான் உட்பட. வருடக்கணக்கில் மருந்து சாப்பிடும் குழந்தைகளுக்கு, ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதும்போதே மனநல ஆலோசகருக்கும் ஒரு சீட்டு எழுத வேண்டும் என்பது என் கருத்து. "என் பிள்ளைக்கென்ன பைத்தியமா?" என்று நாமும் சண்டைக்குப் போகக் கூடாது. நேரில் போக வசதியில்லாதவர்களுக்கு 14416 என்ற இலவச மனநல உதவி எண் 2022 முதல் இருக்கிறது.

பள்ளிக்கும் விஷயத்தை எழுத்திலேயே சொல்லிவிடுங்கள். 'காலை வேளையில் இவளால் நிற்க முடியாது' என்று டாக்டரிடம் கடிதம் வாங்கித் தலைமை ஆசிரியையிடம் போன மாதம்தான் கொடுத்தேன். முதல் வருடமே கொடுத்திருக்கலாம், தோன்றவில்லை. மறுநாள் பிரேயரில் அவளுக்கு ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். சாயங்காலம் வந்து பையை இறக்கி வைத்தவள் சொன்ன முதல் வார்த்தை: "அம்மா, இன்னிக்குக் காலையில கால் ரொம்ப வலிச்சுது."

- ஒரு வாசகி, தஞ்சாவூர்.