கைவிடப்பட்ட கணினியும் பாமினியில் கிடந்த மனுக்களும்

கிளிநொச்சியில் ஒரு கிராமத்துச் சனசமூக நிலையத்தின் மடிக்கணினியை ஒருவழியாக இயங்க வைத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். கனடாவில் இருந்து யாரோ ஒரு உறவு பல வருடங்களுக்கு முன் அனுப்பிய 32 பிட் இயந்திரம். காணி உறுதிகளின் ஸ்கான் பிரதிகளும், காணாமல் ஆக்கப்பட்டோரின் படங்களும், ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்த மனுக்களும் அதற்குள்தான் இருந்தன. மனுக்களில் பெரும்பாலானவை பாமினியில் தட்டச்சானவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை.

2025 ஒக்ரோபர் 14 உடன் விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 இல் 32 பிட் பதிப்பே இல்லை. சரி, லினக்ஸ் போடலாம் என்றால், அதே ஆண்டு ஓகஸ்டில் வந்த டெபியன் 13 உம் 32 பிட் இன்டெல் கணினிகளுக்கான நிறுவியைக் கைவிட்டிருந்தது. இப்படி முடிவெடுப்பவர்கள் எவரும் வன்னியை நினைத்து எடுப்பதில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இது புதிதும் இல்லை.

நான் தெரிவு செய்தது நெட்பிஎஸ்டி. 1993 இல் தொடங்கிய, தன்னார்வலர்கள் பராமரிக்கும் சிறிய யுனிக்ஸ் வகை இயங்குதளம். பழைய இயந்திரங்களை அது இன்னும் கைவிடவில்லை. ஆனால் இயங்குதளத்தைப் போட்டால் மட்டும் வேலை முடியாது. அதற்கேற்ற மென்பொருளை யாராவது தொகுத்துப் பொதி செய்ய வேண்டும். 1997 முதல் அதற்கு இருக்கும் ஏற்பாடுதான் பேக்கேஜ்சோர்ஸ்.

ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு கோப்புறை. மூலநிரலை எங்கிருந்து எடுப்பது, அதற்கு வேறு எவை தேவை என்பதை மேக்ஃபைல் சொல்லும். இறக்கிய கோப்பு அசல்தானா என்று சரிபார்க்கும் எண் இன்னொன்றில். நிறுவப்படும் கோப்புகளின் பட்டியல் மற்றொன்றில். லினக்ஸை மட்டும் மனதில் வைத்து எழுதிய நிரல் என்றால் திருத்த ஒட்டும் போட வேண்டிவரும். பொறுமையைச் சோதிப்பது அதுதான்.

ஓப்பன் தமிழ் என்ற திறந்த மூல பைதன் நூலகத்தில் பாமினியை யுனிகோடாக மாற்றும் வசதி உண்டு. அதற்கு நானே ஒரு பொதி எழுதினேன். பைதனையும் அதற்கு வேண்டியவற்றையும் தொகுக்க ஒரு இரவு போனது. நடுவில் கரண்டும் போனது. நல்லவேளை, முடித்த கோப்புகளை விட்டுவிட்டு மிச்சத்தில் இருந்து தொடரும் பழக்கம் 'மேக்' கட்டளைக்கு உண்டு.

இணையம் பார்க்க அந்தக் கணினி உதவாது, இன்றைய உலாவிகளைத் திறந்தாலே மூச்சு வாங்கும். மனுவை வாசிக்க, திருத்த, அச்செடுக்கப் போதும்.

அறிவியல் நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமானது. இறுதியாண்டுச் செயற்றிட்டம் என்றால் இன்னொரு கைபேசிச் செயலிதான் என்றில்லை. புதியவர்களின் பொதிகளைச் சேர்க்கவென்றே பேக்கேஜ்சோர்ஸில் ஒரு தனிப் பகுதி திறந்திருக்கிறது. ஒரு மாணவர் தமிழ்ப் பொதி ஒன்றைப் பொறுப்பேற்றால், அடுத்த கிராமத்துக்காரர் ஒரு இரவு முழுக்க விழித்திருக்கத் தேவையில்லை.

மாற்றிய மனுக்களில் முதலில் திறந்தது 2017 இல் எழுதியது. கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தாய்மார் போராட்டம் தொடங்கிய ஆண்டு. மகனின் பெயர், வயது, கடைசியாகக் கண்ட இடம், எல்லாம் எழுத்துப் பிசகாமல் வந்திருந்தன.