பேனாவும் உடலும் ஒன்றா?

கத்தி இல்லை, மருத்துவமனையில் தங்க வேண்டியதில்லை. ஊசி போட்டால் போதும், உடல் விரும்பிய வடிவத்துக்கு வந்துவிடும்! இப்படிச் சொல்லித்தான் ஐரோப்பாவில் ஹையலுரோனிக் அமில ஜெல் விற்கப்பட்டது.

அமிலம் என்றதும் மிரள வேண்டாம். நம் தோலிலும் மூட்டிலும் கண்ணிலும் இயற்கையாக உள்ள வழவழப்பான பொருள்தான் அது. 1934-ல் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டின் கண்ணிலிருந்து அதைப் பிரித்தெடுத்தனர். பின்னாளில் அதைக் கெட்டியாக்கி, முகச் சுருக்கத்தைப் போக்க ஊசியில் ஏற்றினார்கள். முகத்துக்கு ஓரிரு மில்லி போதும். ஆனால் வியாபாரம் அதோடு நிற்குமா? மார்பகத்துக்கும் பிட்டத்துக்கும் நூறு மில்லி, அதற்கு மேலும் என்று ஏற்றினார்கள். அதுவும் நாளடைவில் கரைந்துவிடும். மீண்டும் பணத்தோடு வர வேண்டும்!

ஸ்வீடனின் கியூ-மெட் நிறுவனம் தயாரித்த 'மேக்ரோலேன்' 2008 முதல் பிரிட்டனில் மார்பகத்தைப் பெரிதாக்கப் பயன்பட்டது. 2012-ல் அந்தப் பயன்பாடு நிறுத்தப்பட்டது. காரணம் என்ன? புற்றுநோயைக் கண்டறிய எடுக்கும் மார்பக எக்ஸ்ரேயை ஜெல் மறைத்தது. அந்தப் படத்தை எப்படிப் பார்த்து முடிவு சொல்வது என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. விற்பதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வியல்லவா இது?

ஆபத்து இத்துடன் முடியவில்லை. ஜெல் இரத்தக் குழாய்க்குள் புகுந்தால் இரத்த ஓட்டம் அடைபட்டு, அந்த இடத்துச் சதையே அழுகலாம். ஜெல்லைக் கரைக்க மருந்து உண்டு. ஆனால் அதைச் செலுத்தத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டுமே!

2013-ல் பிரிட்டிஷ் அரசு அமைத்த புரூஸ் கியோ குழு ஓர் உண்மையைப் போட்டு உடைத்தது. பால்பாயின்ட் பேனா வாங்குபவருக்கு உள்ள பாதுகாப்பை விட, இந்த ஊசி போட்டுக்கொள்பவருக்குக் கூடுதல் பாதுகாப்பு இல்லை என்றது. அரசு விழித்ததா? 2024 செப்டம்பரில் அங்கே பிட்டத்தைப் பெரிதாக்கும் ஊசி போட்டுக்கொண்ட பெண் ஒருவர் இறந்தார். 2025 ஆகஸ்டில்தான், இத்தகைய ஆபத்தான சிகிச்சைகளைத் தகுதி பெற்ற மருத்துவப் பணியாளர்கள் மட்டுமே செய்யும்படி சட்டம் கொண்டு வரப்போவதாக அரசு அறிவித்தது. எச்சரிக்கைக்கும் நடவடிக்கைக்கும் நடுவே 12 ஆண்டுகள்!

'அவரவர் விருப்பம், அரசுக்கு என்ன வேலை?' என்று சிலர் கேட்கலாம். விபரம் தெரிந்து எடுப்பதுதான் விருப்பம். விபரத்தை மறைத்துப் பெறும் சம்மதத்துக்குப் பெயர் ஏமாற்று.

வணிகப் பெருமக்களே! உங்கள் எடைக்கல்லுக்குச் சட்டம் முத்திரை கேட்கிறது. மனித உடலில் ஏற்றும் சரக்குக்கும் அதை ஏற்றும் கைக்கும் முத்திரை வேண்டாமா? சரக்கின் குறையைச் சொல்லி விற்பவரே வணிகர்.

இளைஞர்களே! விளம்பரத்தைப் பார்த்து மயங்காதீர்கள். ஊசி போடுபவர் யார், என்ன படித்தவர், மருந்தின் பெயர் என்ன, தவறு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்று கேளுங்கள். பதில் வராத இடத்தில் உடலை ஒப்படைக்காதீர்கள்!