சுவரிலா, தலையிலா?

தீபாவளிக்கு முன் எங்கள் நான்கறை வீவக வீட்டில் ஒரு பட்டிமன்றம். தம்பிக்கு விஆர் ஹெட்செட் வேண்டும். அப்பாவுக்கு புரொஜெக்டர். "எதுல படம் தெளிவா தெரியும், நீயே சொல்லு" என்று தீர்ப்பை என்னிடம் விட்டார்கள். "ரேடியோவுல பேசுறவகிட்ட படத்தைப் பத்திக் கேக்குறீங்களே!" என்று அம்மா சிரித்தார்.

தம்பி எண்களோடு வந்தான். மெட்டா குவெஸ்ட் 3 கருவியில் ஒவ்வொரு கண்ணுக்கும் 2064 x 2208 புள்ளிகள். அப்பா பார்த்து வைத்திருந்த ஃபுல் எச்டி புரொஜெக்டரில் 1920 x 1080 மட்டுமே. "அவ்வளவுதான், நான் ஜெயிச்சிட்டேன்" என்றான்.

அவசரப்படக் கூடாது. ரொட்டியில் காயா தடவுவதை நினைத்துப் பாருங்கள். ஒரே கரண்டி காயாவைப் பெரிய ரொட்டியில் தடவினால் மெலிந்துதான் போகும். ஹெட்செட் தன் புள்ளிகளை நம் பார்வையில் சுமார் 110 டிகிரி அகலத்துக்குப் பரப்புகிறது. அதனால் ஒரு டிகிரிக்குக் கிடைப்பது ஏறக்குறைய 25 புள்ளிகள். புரொஜெக்டர் காட்டும் 100 அங்குலப் படத்தை 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்து பார்த்தால், அது சுமார் 40 டிகிரிதான். டிகிரிக்கு 47 புள்ளிகள் வருகின்றன. நல்ல கண்ணால் சுமார் 60 வரை பிரித்தறிய முடியும். ஆகவே சின்ன எழுத்து சப்டைட்டில் சுவரில்தான் கூர்மையாகத் தெரியும்.

தம்பி பக்கமும் நியாயம் உண்டு. புரொஜெக்டரால் வெளிச்சத்தை வீச முடியும், கறுப்பை வீச முடியாது. அறையில் இருக்கும் இருட்டுதான் அதன் கறுப்பு. திரைச்சீலையை விலக்கினால் படம் வெளுத்துவிடும். ஹெட்செட்டுக்குள் வெளி வெளிச்சம் அதிகம் புகாது. ஆப்பிள் விஷன் புரோவில் உள்ள ஓஎல்இடி திரையில், கறுப்பு வரவேண்டிய புள்ளி அணைந்தே இருக்கும். ஆனால், அது 600 கிராமுக்கும் மேல் கனம். மூன்று மணி நேரப் படத்துக்குக் கழுத்து சம்மதிக்க வேண்டுமே!

"சரி, அந்த ஹெட்செட்டுல ஒரே நேரத்துல எத்தனை பேர் பாக்கலாம்?" என்றார் அம்மா. தம்பி பதில் சொல்லவில்லை. புரொஜெக்டர் வாங்கினோம்.

வாடகை அறையில் தனியாக இருப்பவருக்கு, வெறும் சுவரே இல்லாதவருக்கு, என் தீர்ப்பு மாறும். எதுவானாலும் கடையில் இரண்டைச் சோதியுங்கள்: ஹெட்செட்டை உங்கள் மூக்குக்கண்ணாடியோடு மாட்டி சப்டைட்டிலைப் படியுங்கள், புரொஜெக்டரை விளக்கு எரியும்போது போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.