மதுரைக்கு வர்றீகளா? நாலு வார்த்தை கேட்டுட்டு வாங்க

மதுரையைப் பாத்தாச்சுன்னு சொல்ற வெளியூர் மக்கள்ல பாதிப்பேர் நிஜமா பாத்தது என்ன தெரியுமா? மத்தியான நேரத்துல நடை சாத்துன கோவில் கதவு, ஒரு கிளாஸ் ஜிகர்தண்டா. அம்புட்டுதேன். உடனே ராமேஸ்வரத்துக்கோ கொடைக்கானலுக்கோ வேன் ஏறிடுவாய்ங்க. கேட்டா, "உங்க ஊர்ல வெயிலைத் தவிர என்னய்யா இருக்கு?"ம்பாய்ங்க.

என் கட்சி இதுதான். மதுரை விடியக்காலையிலயும் ராத்திரியிலயும் வாழுற ஊரு. மத்தியானத்துல வந்துட்டு அதைக் குறை சொல்லக்கூடாது. ரெண்டு ராத்திரி தங்குற மாதிரி வாங்க.

கோவிலுக்கு அதிகாலையில போங்க, இல்லேன்னா ராத்திரி பள்ளியறை பூஜைக்குப் போங்க. சொக்கரோட பாதம் பல்லக்குல அம்மன் சன்னதிக்குப் போற அழகை ஒருதடவையாவது பாக்கணும். அரைக்கால் டவுசர் வேண்டாம். செல்போனும் உள்ள போகாது. 2018 பிப்ரவரியில வீர வசந்தராயர் மண்டபம் தீப்பிடிச்சதுக்கு அப்புறம் ஹைகோர்ட் போட்ட தடை அது. காவலுக்கு நிக்கிறவர்கிட்ட சண்டை போட்டுப் பிரயோசனமில்ல. ஆட்டோவுல ஏறுறதுக்கு முன்னாடியே ரேட்டைப் பேசிருங்க. பருத்திப்பாலும் கறிதோசையும் சாயங்காலத்துக்கு மேலதான் ருசி.

சித்திரைத் திருவிழாவுக்கு வர்றவங்களுக்கு இன்னொண்ணு. 2022-ல அழகர் ஆத்துல இறங்குறப்ப நெரிசல்ல ரெண்டு உசுரு போச்சு. கைக்குழந்தை, வயசானவங்களோட வந்தா வைகைக்குள்ள இறங்காதீங்க. அழகர் வழிநெடுக மண்டகப்படி மண்டகப்படியா நின்னுதான் வர்றாரு. அங்க எங்கயாவது ஓரமா நின்னு கும்பிட்டாலும் அதே அழகர்தான்.

இனிமேதான் முக்கியமான விஷயம். ஊரைச் சுத்தி மலைங்க இருக்கு. மாங்குளத்துலயும் அரிட்டாபட்டியிலயும் ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல பழசான தமிழி எழுத்து, கீழக்குயில்குடி சமணர்மலையில தீர்த்தங்கரர் சிற்பங்கள். நம்மாளு என்ன பண்றான்? சமணர் படுக்கை மேலயே பெயிண்ட்ல தன் பேரு, காதலி பேரு, நடுவுல ஒரு ஹார்ட்டு. வெளங்குமா?

ஹவாய்ல ஹனௌமா பேன்னு பவளப்பாறை இருக்கிற கடற்கரை ஒண்ணு. முதல் தடவை வர்றவங்க ஒரு வீடியோவைப் பாத்தாத்தான் கீழ இறங்க முடியும். பாறையை மிதிக்காதே, மீனைத் தொடாதேன்னு அதுல சொல்லிக்கொடுக்கிறாங்க. வாரத்துல ரெண்டு நாள் கடற்கரைக்கே லீவு. அங்க யாரும் கோவிச்சுக்கல. நம்ம மலையடிவாரத்துலயும் அஞ்சு நிமிஷம் சொல்லிட்டு மேல அனுப்புனா என்ன? 'பசுமை நடை' நண்பர்கள் வருஷக்கணக்கா இந்த மலைகளுக்கு ஜனங்களைக் கூட்டிட்டுப் போய் வரலாறு சொல்லிக்கிட்டுத்தான் இருக்காங்க. அதை அரசாங்கமும் செய்யலாமே.

ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, அரிட்டாபட்டி 2022-ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிக்கப்பட்ட ஊரு. அந்த ஊரும் சேர்ந்த பகுதியைத்தான் 2024-ல டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டாங்க. மேலூர்ப் பக்கத்து ஜனம் ஆயிரக்கணக்குல மதுரைக்கு நடந்தே வந்து போராடுச்சு. 2025 ஜனவரியில ஏலம் ரத்தாச்சு. ஊர்க்காரங்க காப்பாத்துன மலை அது. பாக்க வர்றவன் ஆணியால கீறி அழிச்சா, சுரங்கக்காரனுக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்?

தண்ணி பாட்டிலோட மலை ஏறுங்க, காலி பாட்டிலோட இறங்குங்க. அம்புட்டுதேன் கேக்குறோம். வாங்க மக்கா, மதுரை முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கும் :-)